பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

ஸ்விட்ச் என்றால் இங்கே லைட் போடும் ஸ்விட்ச் இல்லை. கம்ப்யூட்டர் லேபின் மூலையில், சுவரில் அறைந்த ஒரு இரும்புப் பெட்டிக்குள், தூசி படிந்து, யாரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருக்குமே, அந்த ஈதர்நெட் ஸ்விட்ச். சிலதில் 8 போர்ட், சிலதில் 24, பெரிய இடம் என்றால் 48. பாடப்புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குவார்கள். "லேயர் 2 கருவி, மேக் முகவரியைப் பார்த்து அனுப்பும்" என்று எழுதினால் முழு மதிப்பெண். ரௌட்டருக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசிகூட இதற்குக் கிடைத்ததில்லை.

கேபிளைச் செருகுகிறோம், பச்சை விளக்கு எரிகிறது, வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்த விளக்கு எரிவதற்கு முன்னால் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு பேச்சுவார்த்தை நடந்து முடிந்திருக்கிறது. என்ன வேகத்தில் பேசலாம், ஒரே சமயத்தில் இருவரும் பேசலாமா கூடாதா, மூச்சுத் திணறினால் "கொஞ்சம் நிறுத்து" என்று சொல்லலாமா... எல்லாம் அதில் அடக்கம். சம்பந்தி வீட்டார் உட்கார்ந்து பேசி முடிப்பது மாதிரிதான். பேச்சில் ஒரு பக்கம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் சுவாரஸ்யமே.

அதைப் புரிந்துகொள்ள ஸ்விட்சே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும். 1973 மே 22 அன்று, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் பாப் மெட்கால்ஃப் எழுதிய ஒரு குறிப்பில்தான் ஈதர்நெட் என்ற பெயர் வருகிறது. அவரும் டேவிட் பாக்ஸும் சேர்ந்து கட்டிய முதல் வலையின் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். ஒரே ஒரு கோஆக்சியல் கேபிள், அதில் எல்லா கம்ப்யூட்டர்களும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு ரேடியோவில் செய்து காட்டிய அலோஹாநெட் 1971-லேயே ஓடிக்கொண்டிருந்தது. மெட்கால்ஃபின் யோசனைக்கு விதை அங்கிருந்து வந்தது.

ஒரே கம்பியில் பல பேர் பேச வேண்டுமானால் ஒழுங்கு வேண்டும். ஈதர்நெட்டின் ஒழுங்கு குழாயடி ஒழுங்கைவிட நாகரிகமானது. பேசுவதற்கு முன் கேள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திரு. பேசும்போதும் காதைத் திறந்து வை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிட்டால் மோதல். உடனே இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து, மறுபடி முயற்சி செய்ய வேண்டும். மறுபடியும் மோதினால் காத்திருக்கும் நேரத்தின் வரம்பு இரண்டு மடங்காகும். 16 முறை முயன்றும் முடியவில்லை என்றால் அந்த ஃப்ரேமைத் தூக்கி எறிந்துவிடலாம்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கேபிளின் ஒரு கோடியில் கிளம்பிய சத்தம் மறுகோடி போய், அங்கே நடந்த மோதலின் சேதி திரும்பி வரும்வரை அனுப்புபவர் பேசிக்கொண்டே இருந்தால்தான் தன் ஃப்ரேம் மோதியது அவருக்குத் தெரியும். அதற்கு வைத்த கெடு 512 பிட் நேரம். 10 மெகாபிட் வேகத்தில் அது 51.2 மைக்ரோ விநாடி. 512 பிட் என்றால் 64 பைட். ஈதர்நெட் ஃப்ரேம் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை, இங்கிருந்துதான் வந்தது. ஒழுங்காகக் கட்டிய வலையில் முதல் 64 பைட்டுக்குப் பிறகு மோதல் வரவே கூடாது. வந்தால் அதற்குப் பெயர் "லேட் கொலிஷன்". அது எங்கேயோ ஏதோ தப்பு என்பதற்கான அடையாளம்.

1990-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, 10பேஸ்-டி தரம். தடித்த கேபிள் போய், டெலிபோன் வயர் மாதிரி முறுக்கிய ஜோடிக் கம்பிகள் வந்தன. அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி. இரண்டாவது, கல்பனா என்ற சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனம் ஏழு போர்ட் கொண்ட ஈதர்ஸ்விட்ச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆமாம், நம்ம ஊர்ப் பெயர்தான். நிறுவனர்களில் ஒருவரான இந்திய வம்சாவளி வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். ஸ்விட்ச்சுக்கு முன்பே "பிரிட்ஜ்" என்ற பெயரில் இதே வேலையைச் செய்யும் பெட்டிகள் இருந்தன. கல்பனா செய்தது அதற்குப் பல போர்ட் கொடுத்து, வேகத்தைக் கூட்டி, புதுப் பெயர் சூட்டியது. (பெயர் மாற்றினால் சரக்கு விற்கும் என்பது சினிமாவுக்கு மட்டும் உள்ள ரகசியம் இல்லை.) 1994-ல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

இந்த இரண்டும் சேர்ந்ததில் ஒரு புது நிலைமை பிறந்தது. இப்போது ஒரு கம்பியில் இரண்டே பேர்: இந்தப் பக்கம் கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் ஸ்விட்ச். ஆளுக்குத் தனி ஜோடி. மோதல் எங்கிருந்து வரும்? கேட்டுவிட்டுப் பேசு, மோதினால் நிறுத்து என்ற பழைய ஒழுக்கமெல்லாம் எதற்கு? இருவரும் இஷ்டம்போல் ஒரே நேரத்தில் பேசலாமே. அதுதான் ஃபுல் டூப்ளெக்ஸ். பழைய முறை ஹாஃப் டூப்ளெக்ஸ். ஃபுல் டூப்ளெக்ஸை 1997-ல் 802.3எக்ஸ் என்று ஐ-ட்ரிபிள்-ஈ முறைப்படி எழுதி வைத்தது.

ஆனால் ஊரில் பழைய கார்டும் இருக்கும், புதுக் கார்டும் இருக்கும். 10 மெகாபிட்டும் இருக்கும், 1995-ல் வந்த 100 மெகாபிட்டும் இருக்கும். எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். அந்த 1995 தரத்திலேயே வந்ததுதான் ஆட்டோ நெகோஷியேஷன். அதன் அழகு, பழையதைக் கெடுக்காமல் புதியதைச் சேர்த்த விதத்தில் இருக்கிறது. 10பேஸ்-டி கருவிகள் சும்மா இருக்கும்போதும் 16 மில்லி விநாடிக்கு ஒரு முறை "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு துடிப்பை அனுப்பும். புதிய கருவிகள் அந்த ஒற்றைத் துடிப்புக்குப் பதில் 17 முதல் 33 துடிப்புகள் கொண்ட ஒரு கொத்தை அனுப்பின. பதினேழு துடிப்புகள் தாளம். அந்தத் தாளத்துக்கு இடையிலான பதினாறு இடங்களில் துடிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆக 16 பிட் கொண்ட ஒரு சின்னக் கடிதம். "எனக்கு 10 ஹாஃப் தெரியும், 10 ஃபுல் தெரியும், 100 ஹாஃப் தெரியும், 100 ஃபுல் தெரியும்" என்று அதில் எழுதியிருக்கும். பழைய கருவிக்கு இது வழக்கமான உயிர்த்துடிப்பு போலவே தெரியும். புதியது படித்துக்கொள்ளும். ஒரே கடிதம் மூன்று முறை மாறாமல் வந்தால்தான் நம்பும். பிறகு இருவருக்கும் பொதுவானதில் எது உசத்தியோ அதை இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும். தரவரிசை இருவரிடமும் ஒன்றே என்பதால் முடிவும் ஒன்றாகவே இருக்கும்.

இதுவரை சுபம். இனிமேல்தான் வில்லன்.

எதிர்முனை இந்தக் கடிதமே அனுப்பவில்லை என்றால்? பழைய கார்டாக இருக்கலாம். அல்லது ஒரு புத்திசாலி நிர்வாகி "ஆட்டோவெல்லாம் நம்ப முடியாது" என்று அந்தப் பக்கத்தை 100 ஃபுல் என்று கையால் பூட்டி வைத்திருக்கலாம். பூட்டியதும் பல கருவிகள் கடிதம் அனுப்புவதையே நிறுத்திவிடும். அப்போது இந்தப் பக்கம் கம்பியில் வரும் சத்தத்தை மட்டும் வைத்து ஊகிக்க வேண்டும். வேகத்தை ஊகித்துவிடலாம், 10-இன் துடிப்பும் 100-இன் ஓயாத இரைச்சலும் வேறு வேறு. டூப்ளெக்ஸை ஊகிக்க வழியே இல்லை. ஆகவே தரம் சொல்வது: தெரியாதபோது ஹாஃப் என்று வைத்துக்கொள். ஹப் காலத்து மனிதர்களுக்கு அது பாதுகாப்பான முடிவு.

விளைவு? ஒரு பக்கம் ஃபுல், மறுபக்கம் ஹாஃப். வேகம் ஒத்துப்போவதால் விளக்கு ஜோராகப் பச்சையாக எரியும். பிங் அடித்தால் பதில் வரும், ஒன்றுகூடத் தவறாது. ஆனால் ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் எறும்பு ஊரும்.

ஏன் பிங் மட்டும் ஏமாற்றுகிறது? பிங் என்பது ஒரு கேள்வி, ஒரு பதில். கேள்வி போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் கிளம்பும். இருவரும் ஒரே நேரத்தில் பேசும் சந்தர்ப்பமே வராது. ஃபைல் காப்பி அப்படியில்லை. ஒரு பக்கம் தரவு கொட்டிக்கொண்டிருக்க, மறுபக்கத்திலிருந்து "வந்தது, வந்தது" என்று டிசிபியின் ஒப்புகைகள் நடுநடுவே திரும்பிக்கொண்டே இருக்கும். ஃபுல் பக்கம் யாரையும் கேட்காமல் ஒப்புகையை அனுப்பும். பாதி ஃப்ரேம் அனுப்பிக்கொண்டிருக்கும் ஹாஃப் பக்கம் அதைக் கேட்டு "ஐயோ மோதல்!" என்று பதறி, அனுப்பியதைப் பாதியில் வெட்டிவிடும். உண்மையில் மோதலே இல்லை, இரண்டும் தனித்தனி ஜோடியில் போகின்றன. ஆனால் அதன் சட்டப்படி அது மோதல். வெட்டுப்பட்ட துண்டு ஃபுல் பக்கம் போய்ச் சேர, சிஆர்சி தப்பு என்று அங்கே குப்பைக்குப் போகும். முதல் 64 பைட்டுக்குள் வெட்டுப்பட்டிருந்தால் ஹாஃப் பக்கமே திரும்ப அனுப்பும். அதற்கு மேல் என்றால் அது லேட் கொலிஷன், பெரும்பாலான கார்டுகள் கைகழுவிவிடும். டிசிபி நெடுநேரம் காத்திருந்து, "வழியில் நெரிசல் போலிருக்கிறது" என்று தப்பாகப் புரிந்துகொண்டு வேகத்தை இன்னும் குறைக்கும். வான் ஜேக்கப்சன் 1988-ல் எழுதிய நெரிசல் கட்டுப்பாடு இணையத்தையே காப்பாற்றியது. இங்கே அதே நல்ல குணம் எதிரியாகிறது. பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொள்வதுதான் அதன் வழக்கம். இடையில் ஒரு ஸ்விட்ச் போர்ட் ஃப்ரேம்களை வெட்டிக்கொண்டிருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

இந்த மாதிரி நேரத்தில் லேபில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் வைரஸ் என்பார்கள். ஆன்ட்டிவைரஸ் ஓட்டுவார்கள். விண்டோஸை அழித்து மறுபடி போடுவார்கள். ராம் மாற்றுவார்கள். கடைசியில் லேப் அசிஸ்டெண்ட் தலையில் விழும். "பிங் வருது சார், நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் மன்றாடுவது யார் காதிலும் ஏறாது. அவர் சொன்னதும் பொய் இல்லை. ஸ்விட்ச்சுக்குள் போய் அந்த போர்ட்டின் எண்ணிக்கைகளைப் பார்த்திருந்தால் ஒரு பக்கம் லேட் கொலிஷன், மறுபக்கம் சிஆர்சி பிழை என்று எழுதி ஒட்டியே வைத்திருக்கும். ஆனால் லேபுக்கு வாங்கிக் கொடுத்தது எண்ணிக்கை காட்டாத, விலை குறைந்த ஸ்விட்ச். அதற்கு அவர் என்ன செய்வார்?

கையால் பூட்டும் பழக்கத்தைக் குற்றம் சொல்வதிலும் முழு நியாயம் இல்லை. தொண்ணூறுகளில் வந்த முதல் கருவிகளில் பல, தரத்தின் தெளிவற்ற இடங்களை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டன. ஒரு கம்பெனி கார்டும் இன்னொரு கம்பெனி ஸ்விட்ச்சும் ஒத்துப்போகாது. அப்போது "எல்லாவற்றையும் 100 ஃபுல் என்று பூட்டு" என்பது அனுபவசாலிகளின் அறிவுரை. 1998-ல் தரத்தைத் திருத்தினார்கள், கருவிகள் சரியாகின. அறிவுரை மட்டும் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு என்று வழிவழியாக வந்துகொண்டே இருந்தது. அதில் "இரண்டு பக்கமும்" என்ற வார்த்தை வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. நோயைத் தடுக்கச் சொன்ன மருந்தே நோயைக் கொண்டுவந்தது.

1999-ல் வந்த காப்பர் கிகாபிட் இந்த ரகளைக்கு ஓரளவு முற்றுப்புள்ளி வைத்தது. அதில் நான்கு ஜோடியிலும் இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் சமிக்ஞை ஓடும். யாருடைய கடிகாரத்துக்கு யார் தாளம் போடுவது என்பதையும் பேசித்தான் தீர்க்க வேண்டும். எனவே பேச்சுவார்த்தை கட்டாயம். ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. பேச்சுவார்த்தை நடப்பது இரண்டு ஜோடிகளில் மட்டும். "உனக்கு கிகாபிட் தெரியுமா? எனக்கும் தெரியும்" என்று பேசி முடித்த பிறகுதான் மற்ற இரண்டு ஜோடிகள் அறுந்திருப்பது தெரியவரும். ஒரு கேபிளை இரண்டாகப் பிரித்து இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் சிக்கன வயரிங்கில் இது வழக்கம். சில கருவிகள் சமயோசிதமாக 100-க்கு இறங்கிவிடும். சில, விளக்கு எரிவதும் அணைவதுமாகத் தவிக்கும். இரண்டு பேருடைய தகுதியைப் பற்றித்தான் பேச்சு, நடுவில் இருக்கும் கம்பியின் தகுதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

லிங்க் வந்தாகிவிட்டது. இனி ஸ்விட்ச்சின் அன்றாட வேலை. இதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். ஒரு ஃப்ரேம் வந்ததும் அனுப்பியவரின் மேக் முகவரியைப் பார்த்து "இவர் 5-ஆம் போர்ட்டில் இருக்கிறார்" என்று எழுதிக்கொள்ளும். பெறுநர் எங்கே என்று தெரிந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். தெரியாவிட்டால் வந்த போர்ட்டைத் தவிர எல்லாப் போர்ட்டுக்கும். தபால்காரர் புது ஏரியாவுக்கு மாற்றலாகி வந்து, வருகிற போகிற ஆட்களைப் பார்த்தே வீடுகளைக் கற்றுக்கொள்வது போல. வழக்கமாக 300 விநாடி ஒருவரிடமிருந்து சத்தமே இல்லையென்றால் அவர் பெயரை அழித்துவிடும். யாரும் எதையும் சொல்லித்தர வேண்டாம். பெட்டியைப் பிரித்து, செருகினால் போதும்.

இவ்வளவு எளிமைக்கும் ஒரு விலை உண்டு. இரண்டு ஸ்விட்ச்களை இரண்டு கேபிளால் இணைத்தால் வட்டம். எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரு ஃப்ரேம் அந்த வட்டத்தில் சுற்றும். ஐபி பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று இருக்கும், ஒவ்வொரு ரௌட்டரிலும் ஒன்று குறைந்து, கடைசியில் செத்துவிடும். ஈதர்நெட் ஃப்ரேமுக்குச் சாவே கிடையாது. சுற்றிச் சுற்றிப் பெருகும். 100 மெகாபிட் லிங்க்கில் சின்ன ஃப்ரேம்கள் விநாடிக்கு 1,48,000-க்கு மேல் போகலாம். ஒரு கேபிளைத் தவறுதலாகச் சுவரின் இரண்டு சாக்கெட்டிலும் செருகினால் மாடி முழுக்க நெட்வொர்க் படுத்துவிடுவது இதனால்தான்.

இதற்கு மருந்து கண்டவர் ரேடியா பெர்ல்மன். 1985-ல், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை செய்தபோது. மேலாளர் ஒரு வாரம் விடுமுறையில் போகுமுன் இந்தச் சிக்கலைக் கொடுத்தாராம். அவருக்கு ஒரே இரவில் விடை கிடைத்துவிட்டது. மிச்ச நாட்களில் அதை விளக்கி எழுதினார், அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார். பல பேட்டிகளில் அவரே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. ஸ்பானிங் ட்ரீ என்ற அந்த வழிமுறைப்படி, ஸ்விட்ச்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, அவரிலிருந்து கிளை பிரியும் மரம் ஒன்றை உருவாக்கி, மரத்துக்கு வெளியே இருக்கும் லிங்க்குகளைப் பூட்டி வைக்கும். தலைவர் 2 விநாடிக்கு ஒரு முறை சேதி அனுப்புவார். 20 விநாடி சேதி வராவிட்டால் ஏதோ அறுந்துவிட்டது என்று பூட்டிய லிங்க்கைத் திறப்பார்கள். (தலைவர் தேர்தலில் யாரும் தலையிடாவிட்டால் சின்ன மேக் முகவரி உள்ளவர் ஜெயிப்பார். அது பெரும்பாலும் இருப்பதிலேயே பழைய, மெதுவான பெட்டியாக இருக்கும்!)

கவனித்தீர்களா? சேதி "வராதது" என்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். லிங்க் அறுந்திருக்கலாம். அல்லது லிங்க் உயிரோடு இருந்து, சேதி மட்டும் நெரிசலில் தொலைந்திருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் பூட்டைத் திறப்பது வட்டத்தைத் திறப்பது. டூப்ளெக்ஸ் வில்லன் மறுபடி நுழைவது இந்த இடத்தில்தான். ஹாஃப் பக்கத்திலிருந்து போக வேண்டிய தலைவரின் சேதி, எதிர்ப்பக்கத்தின் ஓயாத பேச்சால் 16 முறை மோதிக் குப்பைக்குப் போனால், மறுபக்கம் தலைவர் செத்துவிட்டார் என்று எண்ணிக் கதவைத் திறந்துவிடும். ஒரு போர்ட்டின் மெதுவான ஃபைல் காப்பி என்ற சில்லறைத் தொல்லை, மொத்த வலையையும் சாய்க்கும் புயலாக மாறும் வழி இதுதான்.

ஸ்பானிங் ட்ரீ சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு பாஸ்டன் நகரத்தின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையின் 2002 நவம்பர் சம்பவத்தைச் சொல்வார்கள். 1996-ல் இரண்டு மருத்துவமனைகள் இணைந்து உருவான இடம். வலையும் அப்படியே, இருந்ததோடு இருந்ததை ஒட்டி ஒட்டி வளர்ந்தது. ஸ்பானிங் ட்ரீயின் வழக்கமான கால அளவுகள், எந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே 7 ஸ்விட்ச்சுக்கு மேல் இருக்காது என்ற கணக்கில் போட்டவை. இங்கே அந்த எல்லை எப்போதோ தாண்டியிருந்தது. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எல்லா விளக்கும் பச்சை. நவம்பர் 13 அன்று ஒரு ஆராய்ச்சியாளர் ஏராளமான தரவைப் பகிரும் மென்பொருள் ஒன்றில் ஏற்ற, வலை திணறியது. சேதிகள் தாமதமாயின, மரம் குலைந்தது, வட்டங்கள் திறந்தன. சரிசெய்தால் சிறிது நேரம் நிற்கும், மறுபடி விழும். சிஸ்கோவின் நிபுணர்களை வரவழைத்தார்கள்.

இதற்குள் மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்ப முடிவு செய்திருந்தது. சோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மருந்துச் சீட்டைக் கையால் எழுதியே பழக்கமில்லாத இளம் மருத்துவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. வலையின் உடலை அடுக்கடுக்காக மாற்றிக் கட்டி, நிலைமை முழுதும் சீராக ஏறக்குறைய நான்கு நாட்கள் ஆயின. தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலம்கா எதையும் மூடி மறைக்கவில்லை. என்ன நடந்தது, எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று வெளிப்படையாகப் பேசினார். 2003-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. மருத்துவ இதழில் ஸ்பானிங் ட்ரீ! அந்த வெளிப்படையான பேச்சு இல்லாவிட்டால் இன்று இந்தக் கதையே கிடைத்திருக்காது. இதே மாதிரி விழுந்து, "சர்வர் பிரச்சனை" என்று பூசி மெழுகிய இடங்கள் எத்தனை இருக்குமோ.

கடைசியாக அந்த "கொஞ்சம் நிறுத்து" சமாச்சாரம். ஒரு போர்ட்டில் கிகாபிட் வேகத்தில் தரவு வருகிறது, போக வேண்டிய போர்ட் 100 மெகாபிட். ஸ்விட்ச்சின் நினைவகம் எவ்வளவு நேரம் தாங்கும்? நிறைந்ததும் கொட்டிவிடும். ஹாஃப் டூப்ளெக்ஸ் காலத்தில் ஸ்விட்ச் ஒரு தந்திரம் செய்யும்: வேண்டுமென்றே சத்தம் போட்டுப் பொய் மோதலை உண்டாக்கி அனுப்புபவரைத் தாமதிக்க வைக்கும். ஃபுல் டூப்ளெக்ஸில் அந்த வித்தை பலிக்காது, யாரும் காது கொடுப்பதில்லை. அதனால் அதே 802.3எக்ஸ் தரத்தில் பாஸ் ஃப்ரேம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். "இத்தனை நேரம் நிறுத்து" என்று அதில் ஒரு எண் இருக்கும், அதிகபட்சம் 65,535. ஒவ்வொன்றும் 512 பிட் நேரம் (அதே பழைய எண்தான்). 100 மெகாபிட்டில் கூட்டிப் பார்த்தால் மூன்றில் ஒரு விநாடி. நேரம் 0 என்று அனுப்பினால் "போதும், ஆரம்பி". இதை ஏற்றுக்கொள்வீர்களா என்பதையும் அந்த 16 பிட் கடிதத்திலேயே கேட்டுவிடுவார்கள்.

நல்ல ஏற்பாடுதான், ஆனால் முரட்டு ஏற்பாடு. பாஸ் வந்தால் அந்த லிங்க்கில் எல்லாமே நிற்கும். மெதுவான பிரிண்டருக்குப் போகும் தரவால் நெரிசல் வந்தால், அதே கம்பியில் சர்வருக்குப் போக வேண்டிய தரவும் நிற்கும். ஒற்றைப் பாலத்தில் ஒரு மாட்டுவண்டி நின்றால் பின்னால் வரும் ஆம்புலன்ஸும் நிற்பது மாதிரி. நிறுத்தப்பட்ட ஸ்விட்ச் தன் நினைவகம் நிறைந்து தனக்குப் பின்னால் இருப்பவரை நிறுத்தும், அவர் அவருக்குப் பின்னால். கம்ப்யூட்டர் தொங்கிப்போய், அதன் கார்டு மட்டும் உயிரோடு இருந்து, வந்த தரவை எடுக்க ஆளில்லாமல் பாஸ் பாஸ் என்று அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒரு கார்டு ஒரு மாடியையே உறைய வைக்கலாம். 2011-ல் இதையே எட்டுத் தனி வரிசைகளாகப் பிரித்து, ஒரு வரிசையை மட்டும் நிறுத்தும் வசதி வந்தது. அப்போதும் பேய் போகவில்லை. மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தங்கள் தரவு மையங்களில் பழுதான ஒரு கார்டின் பாஸ் மழை வலையில் எப்படிப் பரவியது என்று விவரித்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட தீர்வு, ஒரு போர்ட் அளவுக்கு மீறி பாஸ் அனுப்பினால் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும் காவல்.

சாதாரண ஆபீஸ் வலையில் பாஸை அணைத்து வைப்பது நல்லது என்பது பலருடைய கட்சி. ஃப்ரேமைக் கொட்டினால் கொட்டட்டும், டிசிபி பார்த்துக்கொள்ளும். அது படித்ததே அதைத்தான். சேமிப்புக் கருவிகளுக்கான தனி வலையில் மட்டும் பாஸுக்கு வேலை உண்டு. இந்தக் கட்சி சரியென்றே தோன்றுகிறது.

டூப்ளெக்ஸ் வில்லன் இன்றைக்குச் செத்துவிட்டானா என்றால், கிகாபிட் உள்ள இடத்தில் கிட்டத்தட்ட ஆமாம். ஆனால் தொழிற்சாலையின் பழைய கன்ட்ரோலர், இருபது வருட பிரிண்டர், ஆஸ்பத்திரியின் ஏதோ ஒரு பரிசோதனைக் கருவி, "100 ஃபுல்லில்தான் தருவோம்" என்று பிடிவாதம் பிடிக்கும் லீஸ்டு லைன் பெட்டி... இவை இருக்கும் இடமெல்லாம் அவனும் இருப்பான். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் பிங்கோடு நிற்க வேண்டாம். இரண்டு முனையிலும் ஒரே சமயத்தில் பெரிய ஃபைலை அனுப்பிப் பாருங்கள். லினக்ஸ் இருந்தால் எத்டூல் கட்டளை வேகம், டூப்ளெக்ஸ், எதிர்முனை கடிதம் அனுப்பியதா இல்லையா என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். எதிர்முனை கடிதம் அனுப்பவே இல்லை என்று தெரிந்தால், அந்தப் பெட்டியை யார் எப்போது பூட்டினார்கள் என்று விசாரிக்க ஆரம்பிக்கலாம். பூட்டியவர் அநேகமாக வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும்.